கவரோடு ஒரு முறை, கவர் இல்லாமல் ஒரு முறை

பகல் ஒரு மணிக்கு ஜன்னல் திட்டில் வெயில் ஏறியது. சின்னவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

போனின் முதுகைத் துடைத்தாள். வெப்பமானியின் மெல்லிய கம்பி நுனியை அதில் வைத்து டேப் ஒட்டினாள். அதன்மேல் அந்தக் கறுப்பு ரப்பர் கவரை மாட்டினாள். சார்ஜரைச் செருகினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கும்படி அந்தப் போனிலேயே அலாரம் வைத்தாள். நோட்டில் எழுதினாள்: நேரம் 1.00. சூடு 33.

இந்தக் கவரைத்தான் இந்த வீடு பத்து நாளாகக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

கொலை என்று சொல்லக்கூடாது. அம்மா உயிரோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியின் தீவிரப் பிரிவில், மூன்றாம் கட்டிலில், கண்ணை மூடியபடி.

அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சர்க்கரை எப்போது ஏறும், எப்போது சரியும் என்று சொல்ல முடியாத உடம்பு. அவள் மேல்கையில் ஒட்டியிருந்த சென்சார் வில்லை, சர்க்கரை சரிந்தால் இந்தப் போனுக்குச் சேதி சொல்லும். போன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும். அம்மா விழித்து, தலைமாட்டில் இருக்கும் குளுக்கோஸை வாயில் போட்டுக்கொள்வாள். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடியது.

பதினோரு நாளைக்கு முன் ஒரு பகலில் போன் அலறவில்லை. இதே ஜன்னல் திட்டில் சார்ஜில் இருந்தபடி, சூடேறித் தானாகவே அணைந்துபோயிருந்தது. அப்பா பல் டாக்டரிடம் போயிருந்தார். சர்க்கரை சரிந்து நினைவில்லாமல் கிடந்த அம்மாவை, நாலு மணிக்கு வேலை விட்டு வந்த அண்ணிதான் முதலில் பார்த்தவள்.

கவர் அண்ணி வாங்கியது. போன் இரண்டு முறை கீழே விழுந்து ஓரம் தெறித்ததால், கடையிலேயே தடியானதாகப் பார்த்து வாங்கி வந்தாள். மறுநாள் அணைந்த போனை அண்ணன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனபோது, கடைக்காரர் கவரைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இவ்வளவு தடியா மாட்டினா சூடு எப்படி சார் வெளியே போகும்?"

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். காற்றுப் போகும் வழி அடைபட்டால் கன்ட்ரோல் பெட்டி என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாலையே அண்ணியிடம், "ஆஸ்பத்திரிப் பக்கம் காலை வைக்காதே," என்றான். அப்பா அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அண்ணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பேசாமல் போனதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மீதித் துணிமணி இரண்டு பெட்டிகளில் ஹாலில் தயாராக நின்றது. அண்ணன் கட்டி வைத்தது.

காலையில் கிளம்பும்போது அவன் கேட்டான். "தெர்மாமீட்டர், உன் ஆராய்ச்சி இன்னிக்காவது முடியுமா?"

"முடியும்ணா."

"நாலரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லு. கவர் காரணமில்லைன்னா நானே போய் அவ கால்ல விழறேன். காரணம்னா ஆறு மணிக்குப் பெட்டியைக் கொண்டுபோய் வச்சுட்டு வந்துடறேன். அதோட சரி."

"ஒரு தடவை பாத்ததை வச்சு எதையும் சொல்ல முடியாதுண்ணா. அதான் மறுபடியும்..."

"நீ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாத்தாக்கூட மூணு தடவை சூடு பாத்துட்டுதான் சரின்னு சொல்லுவே," என்று சொல்லிவிட்டு, சிரிக்காமலே போனான். பதினோரு நாளில் அவன் சொன்ன முதல் கேலி அது. அதிலும் உப்பில்லை.

சின்னவளுக்கு மருந்துக் குளிர்கிடங்கில் வேலை. எட்டு அறைகள், அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றின் சூட்டையும் எழுத வேண்டும். அங்கே சட்டம் இரண்டுதான். பார்க்காததை எழுதாதே. பார்த்ததை எழுதாமல் விடாதே. வெப்பமானியை மேலாளரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். மூன்று நாள் லீவும்.

முந்தாநாள் கவரோடு பார்த்தாள். வெயிலில், சார்ஜில், நாற்பத்து மூன்றரை வரை ஏறியது. நேற்று கவர் இல்லாமல். நாற்பத்தொன்று. வித்தியாசம் இரண்டரை டிகிரி. இரண்டு நாளும் போன் சார்ஜ் ஏறுவதைத் தானாக நிறுத்திக்கொண்டு சமாளித்தது. அலாரம் ஒன்றுகூடத் தவறவில்லை.

கவர் சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கிறது, வாஸ்தவம். ஆனால் போனை அணைக்கிற அளவுக்கு இல்லை. அப்படியானால் அன்றைக்கு அணைந்தது ஏன்?

அவள் இத்தனை பாடுபட்டதற்கு அண்ணி மட்டும் காரணமில்லை. அந்த ஜன்னலில் ஒரு திரை உண்டு. அன்று காலை அதைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு வேலைக்குப் போனது சின்னவள்தான். அது யாருக்கும் நினைவில் இல்லை. அவளும் சொல்லவில்லை. கவர் காரணமாக இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு நொடி தோன்றியதும், அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே வெறுத்ததும் இந்த நோட்டில் எழுத முடியாதவை.

1.10. அலாரம் அடித்தது. 38.

1.20. அடித்தது. 41.

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்கவும் சாப்பிடவும் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எப்படிப்பா இருக்காங்க?"

"அப்படியேதான் பாப்பா. காலையில விரலு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நர்ஸைக் கூப்பிட்டேன். அது சும்மா நரம்பு இழுக்கறதுன்னுட்டாங்க." நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ சாப்பிட்டியா?"

"சூடு பண்றேன். குளிச்சுட்டு வாங்க."

1.30. அடித்தது. 43. இரண்டு நாள் முன்னால் வந்த அதே கணக்கு. சின்னவள் எழுதிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது 1.40 அலாரம் கேட்டது. கொஞ்சம் மங்கலாகக் கேட்டதுபோல் இருந்தது. குழாய்ச் சத்தத்தால் இருக்கும் என்று நினைத்தாள். தட்டு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேசாமல் நாலு வாய் சாப்பிட்டார்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். 1.53.

1.50 அலாரம் அடிக்கவில்லை.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். ஜன்னல் திட்டில் போனைக் காணவில்லை. அங்கே ஒரு பழுப்புத் துண்டு இருந்தது. அப்பாவின் தடித்த துண்டு, நாலாக மடித்து, நாலு பக்கமும் ஒழுங்காகச் செருகி. துண்டின் ஓரத்திலிருந்து சார்ஜர் வயரும் வெப்பமானிக் கம்பியும் வெளியே வந்திருந்தன.

வெப்பமானி 52 காட்டியது.

துண்டை எடுத்தாள். அதுவே தோசைக்கல் மாதிரி கொதித்தது. போனின் திரை கறுப்பாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். ஒளி வரவில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"இதை யாரு மூடினது?"

"நான்தான். குளிக்கப் போறப்ப பாத்தேன், வெயில்ல காஞ்சிட்டிருந்துச்சு." அப்பா ஒரு வாய் எடுத்துக்கொண்டே சொன்னார். "முப்பத்தி ரெண்டு வருசம் பஸ் ஓட்டினவன் பாப்பா. வண்டியை வெயில்ல நிறுத்தினா முதல்ல ஸ்டீயரிங்மேல துண்டைப் போட்டுட்டுதான் இறங்குவேன். இல்லாட்டி திரும்பி வந்து தொட்டா கை பொசுங்கிடும்."

சின்னவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். கேட்கவேண்டாம் என்று நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"அன்னிக்கும் மூடினீங்களாப்பா?"

"மூடாம போவேனா? திரைகூட இல்ல அன்னிக்கு. நல்லா மடிச்சு, காத்துக்குப் பறந்துடக் கூடாதுன்னு நாலு பக்கமும் செருகிட்டுத்தான் போனேன். அவ்வளவு பாத்துப் பாத்து வச்சும்..." தட்டிலிருந்து கையை எடுத்தார். "அவ வாங்கிட்டு வந்த கவரு இப்படிப் பண்ணிடுச்சே பாப்பா."

அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பத்திரப்படுத்தியவனின் முகம் அது.

சின்னவள் போனை நிழலில் வைத்தாள். நோட்டில் 1.53 என்றும் 52 என்றும் எழுதினாள். 'நிலை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அப்பா இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று காலையில் அண்ணனிடம் அவள்தானே சொன்னாள்? போன் ஆறியதும் கவரைக் கழற்றினாள். மறுபடி திட்டில் வைத்தாள், சார்ஜில் போட்டாள். அதே துண்டை அதே மாதிரி மடித்தாள். நாலு பக்கமும் செருகினாள்.

கவரோடு இருந்தபோது துண்டுக்குள் அரை மணிகூடத் தாங்கவில்லை. கவர் இல்லாமல் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அணைந்தது.

கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதை ஒன்றுதான்.

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. அண்ணி உள்மேசையில் உட்கார்ந்து, சூடான கண்ணாடி மணிகள் நிறைந்த தட்டில் ஒரு பிரேமின் காதுக்கம்பியைச் செருகி இளக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு நாளில் இளைத்திருந்தாள். இன்னொரு கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் கவுன்டரில் நின்றார்.

"வா பாப்பா. அத்தை எப்படி இருக்காங்க?" குரல் உடனே தாழ்ந்தது.

"அப்படியேதான் அண்ணி. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க வந்தப்ப போன் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? அணைஞ்சு கிடந்துச்சு."

"அதுமேல என்ன இருந்துச்சு?"

"கவர் இருந்துச்சு."

"கவருக்கு மேல?"

அண்ணியின் கை மணிக்குள்ளேயே நின்றது.

"மூக்குல அழுத்துதும்மா," என்றார் பெரியவர்.

"ரெண்டு நாள் போட்டா பழகிடும் சார்," என்றாள் அண்ணி, அவரைப் பார்க்காமலே.

"மூக்கா, கண்ணாடியா?"

"ரெண்டும் சார்." பெரியவர் திருப்தியாகி நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றார். அண்ணி பிரேமை வெளியே எடுத்தாள். அதிகம் இளகி, காதுக்கம்பி கோணிப்போயிருந்தது. அதை ஓரமாக வைத்தாள். "துண்டை எடுத்துக் கொடியில போட்டது நான்தான்."

"ஏன் அண்ணி சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? மாமா அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து, 'பத்திரமா வச்சுட்டுத்தான் வந்தேன், பத்திரமா வச்சுட்டுத்தான் வந்தேன்'னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தாரு. அந்த மனுசன்கிட்டப் போய், நீங்கதான் மூடினீங்கன்னு சொல்லச் சொல்றியா? மறுநாள் கவரு, கவருன்னு ஆரம்பிச்சாங்க. சரி, பழி கவரு மேல போகட்டும்னு விட்டேன். அது நேரா என் மேல வரும்னு தெரியல."

"அண்ணன் பெட்டி கட்டி வச்சிருக்கான்."

"தெரியும். போன்ல சொன்னாரு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஏழு வருசம் கூட இருந்தவ. 'நீ வேணும்னு பண்ணல, ஆனா உன்னாலதான்'னு சொல்றாரு. அதுக்கு வேணும்னு பண்ணினேன்னே சொல்லியிருக்கலாம்."

"இன்னிக்கு நான் சொல்லிடறேன்."

"வேணாம் பாப்பா. உங்கப்பா தாங்கமாட்டாரு."

"நீங்க தாங்கறீங்களா?"

அண்ணி கோணிய பிரேமை மறுபடி மணிகளுக்குள் செருகினாள்.

"கிளம்புங்க அண்ணி. நான் என்ன சொல்றேனோ தெரியாது. எனக்கே தெரியல. ஆனா நீங்க அங்க இருக்கணும்."

*

நாலரை மணிக்குத் தீவிரப் பிரிவின் வராந்தாவில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். அதற்கான அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். மாடிப்படியில் சின்னவளும், இரண்டு படி கீழே அண்ணியும் ஏறி வந்ததைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"இவளை யாரு வரச்சொன்னது?"

"நான்தான்."

"சரி, சொல்லு. கவரா, இல்லையா?"

"கவர் ரெண்டரை டிகிரி கூட்டுது. அவ்வளவுதாண்ணா. அதனால மட்டும் அணையல. நாலு தடவை பாத்துட்டேன்."

"அப்ப எதனால அணைஞ்சுச்சு?" நோட்டை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினான். விரலை வைத்து வரிசையாகப் படித்தான். "முதல் நாள், கவரோட. ரெண்டாம் நாள், கவர் இல்லாம. இன்னிக்கு, கவரோட... ஒண்ணு அம்பத்தி மூணு, அம்பத்தி ரெண்டு டிகிரி. இங்க அணைஞ்சிருக்கே! அடுத்ததும் அணைஞ்சிருக்கு." நிமிர்ந்தான். "இந்த ரெண்டுலயும் மட்டும் கட்டத்தை ஏன் காலியா விட்டிருக்கே? என்ன பண்ணினே?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினாள்.

"சொல்லேன் பாப்பா," என்றார் அப்பா. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னதான் பண்ணினே? எனக்கும் தெரியணும்ல."

நாலு பேருக்கு நடுவில் சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்பா, கொஞ்சம் என்கூட வாங்க."

படித் திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல். அங்கே நின்றார்கள். தன்னிடமிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம் என்று அவளுக்குப் பட்டது.

"அன்னிக்குத் திரையைக் கழட்டினது நான்பா. அதனாலதான் போன்மேல வெயில் விழுந்துச்சு. பதினோரு நாளா அதைச் சொல்லாம இருந்தேன்."

"திரைதானே. விடும்மா. நீ என்ன வேணும்னா பண்ணினே?"

"வெயில் விழுந்ததாலதான் நீங்க துண்டு போட்டீங்க."

"ஆமா."

"துண்டு போட்டாத்தான்பா அணையுது."

அவருக்கு உடனே புரியவில்லை. நெற்றி சுருங்கியது. "அதெப்படி? துண்டு போட்டா ஸ்டீயரிங் சூடாகாதே?"

"ஸ்டீயரிங்குக்கு உள்ளேருந்து சூடு வராதுப்பா. இது சார்ஜ்ல இருந்துச்சு. உள்ளேருந்தும் சூடு, வெளியிலேருந்தும் சூடு. மேல துண்டு கொதிக்குது, காத்துப் போக வழியில்ல. இன்னிக்கு நீங்க மூடினப்பதான் பாத்தேன். அப்புறம் கவரைக் கழட்டிட்டு நானே மூடிப் பாத்தேன். அதுவும் அணைஞ்சிடுச்சு."

கீழே ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு போனது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் துண்டு கொடியில கிடந்துச்சு," என்றார் கடைசியில். "நான் போடலையேன்னு நெனச்சேன். அவ எடுத்துப் போட்டாளா?"

"ஆமாம்பா."

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அதை மடிக்க வரவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். சின்னவள் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கையை உதறினார்.

அண்ணி சுவரோரமாக நின்றிருந்தாள். அப்பா அவள் முன்னால் போய், சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"நீ உள்ள போம்மா."

"மாமா, நீங்க..."

"போம்மா." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "பெட்டியைப் பிரிச்சு வைடா. கவர் இல்ல. நான்தான்."

"என்னப்பா சொல்றீங்க?"

அப்பா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் நோட்டை வாங்கி, காலியாக இருந்த இரண்டு கட்டங்களிலும் 'துண்டு' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அவன் படித்தான். மறுபடி படித்தான். மனைவியின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் அண்ணி. அட்டையைக் கையில் வைத்திருந்தாள். உள்ளே போகவுமில்லை, அவன் பக்கம் வரவுமில்லை.

அப்போது தீவிரப் பிரிவின் கதவு திறந்தது. தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. நர்ஸ் அதைத் தோளால் தடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மூணாம் கட்டில்காரங்க யாரு? அம்மா கண்ணைத் திறந்திருக்காங்க."

அண்ணன் சுவரை விட்டு விலகி இரண்டு எட்டு வைத்தான்.

"சந்தோசப்பட்டுடாதீங்க. கண்ணு மட்டும்தான் திறந்திருக்கு. டாக்டர் பேசிப் பாத்தாரு, நான் பேசிப் பாத்தேன், எதுக்கும் திரும்பல. தெனமும் கேட்டுப் பழகின குரலுக்குத் திரும்பறாங்களான்னு இப்பவே பாக்கணும்கறாரு. வீட்டுக்காரர் இருக்காரா?"

மூன்று பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

அப்பா முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களைத்தான். காலையிலகூட வந்து பேசிட்டுப் போனீங்களே."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார் அப்பா, தலை நிமிராமல். "என் குரல் வேணாம் அவளுக்கு."

"அப்பா!" என்றாள் சின்னவள்.

நர்ஸின் தோளில் கதவு அழுந்தியது. உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் அவளை அவசரமாகக் கூப்பிட்டது.

"சீக்கிரம் சார்," என்றாள் அவள். "இந்த முழிப்பு ரொம்ப நேரம் நிக்காது."

அப்பா எழுந்திருக்கவில்லை.